கோலாலம்பூரில் சில்லறை ரிப்பேர் தொழில்: பதிவு, உரிமம், காப்புறுதி – எதை முதலில் செய்வது?

குழாய் மாற்றுவது, கதவுக் கீலைச் சரிசெய்வது, திரைச்சீலைக் கம்பி மாட்டுவது, சாயம் பூசுவது, கூரை ஒழுகலை அடைப்பது. கையில் தொழில் இருக்கிறது, வாட்ஸ்அப்பில் ஆட்களும் கூப்பிடுகிறார்கள். அடுத்து என்ன பத்திரம் வேண்டும், எந்த முகப்பில் நிற்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. அப்படி நிற்பவருக்காக எழுதியது இது.

இந்தத் தொழிலுக்கென்று ஒரே ஓர் உரிமம் கிடையாது. பதிவு ஓர் இடத்தில், கட்டுமான அட்டை ஓர் இடத்தில், மின்வேலைக்கு இன்னோர் இடத்தில். எந்த அலுவலகமும் மற்ற அலுவலகத்தின் பட்டியலைத் தராது. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. உங்கள் பதிவில் ஒரு வேலை, காப்புறுதிப் பத்திரத்தில் வேறு வேலை, கையில் செய்வது மூன்றாவது வேலை என்றிருந்தால், விபத்து நடக்கும் நாளில் கட்டிய பிரீமியம் வீணாகலாம். கீழே உள்ள வரிசை அந்தச் சிக்கலைத் தவிர்ப்பதற்காகவே.

1. வேலைகளை மூன்று பட்டியலாக எழுதுங்கள்

எந்தப் படிவத்தையும் தொடும் முன் ஒரு தாளில் நீங்கள் உண்மையில் செய்யும் வேலைகளை எழுதுங்கள். பிறகு மூன்றாகப் பிரியுங்கள்.

முதல் பட்டியல், கட்டடத்தைப் பெரிதாகத் தொடாத வேலை: தளவாடம் பொருத்துவது, அலமாரி மாட்டுவது, பூட்டு, கீல், திரைச்சீலை, படம், தொலைக்காட்சித் தாங்கி.

இரண்டாம் பட்டியல், கட்டடத்தையே தொடும் வேலை: டைல்ஸ், சுவர் உடைப்பது, தடுப்புச் சுவர், பிளாஸ்டர் சீலிங், கூரை, நீர்க்கசிவுத் தடுப்பு, முழு வீட்டுக்கும் சாயம். இதற்கு சிஐடிபி எனப்படும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தின் பதிவு வேண்டும். 1994ஆம் ஆண்டின் 520ஆம் சட்டம் கட்டுமான வேலை என்பதை அகலமாகவே வரையறுக்கிறது. புதிதாகக் கட்டுவது மட்டுமல்ல, பழுதுபார்ப்பது, பராமரிப்பது, புதுப்பிப்பது, உடைப்பது எல்லாம் அதில் அடங்கும். "சின்ன வேலைதானே, நமக்கு எதற்கு" என்ற பேச்சு இங்கே எடுபடாது.

மூன்றாம் பட்டியல், தகுதிச் சான்று இல்லாமல் கைவைக்கக் கூடாத வேலை: வயரிங், எரிவாயுக் குழாய், ஏர்கோன் கேஸ், மீட்டருக்கு முந்தைய தண்ணீர்க் குழாய், தூண், பீம், தாங்கு சுவர். இதை எழுதி வேனின் உட்கதவிலேயே ஒட்டிக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் "வந்ததுதான் வந்தீங்க, இதையும் பார்த்துடுங்க" என்று கேட்பது பெரும்பாலும் இந்தப் பட்டியலில் உள்ளதைத்தான்.

2. எஸ்எஸ்எம்மில் வணிகப் பதிவு

தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம் எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பதியாமல் நடத்தினால் 50,000 ரிங்கிட் வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடமுண்டு.

தகுதி: மலேசியக் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும், 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். மலேசியரைத் திருமணம் செய்து நீண்டகால வருகை அனுமதியில் இருப்பவர் தம் பெயரில் இப்படிப் பதிய முடியாது. குடியுரிமை உள்ள கணவரோ மனைவியோதான் பதிய வேண்டும்.

செலவு: அடையாள அட்டையில் உள்ள சொந்தப் பெயரிலேயே பதிந்தால் ஆண்டுக்கு 30 ரிங்கிட். தனிப் பெயர் வைத்தால் 60 ரிங்கிட். கிளைக்கு ஆண்டுக்கு 5 ரிங்கிட், விவரத்தாளுக்கு 10 ரிங்கிட். ஓராண்டு முதல் 5 ஆண்டு வரை ஒரே தடவையில் கட்டலாம். எஸ்எஸ்எம்மின் எஸ்பிஸ் இணையத்தளத்திலோ முகப்பிலோ செய்யலாம். அடையாள அட்டை, தொழில் முகவரி, மூன்று நான்கு மாற்றுப் பெயர்கள் தயாராக இருந்தால் போதும். எளிய வேலை இது. ஏஜெண்டுக்குச் சில நூறு வெள்ளி கொடுக்கத் தேவையே இல்லை.

கவனிக்க வேண்டிய இடம் "தொழில் வகை" என்ற கட்டம். பலர் அங்கே "பொது வணிகம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அப்படி எழுதாதீர்கள். உங்கள் முதல் இரண்டு பட்டியல்களில் உள்ளதை அப்படியே மலாயில் எழுதுங்கள்: வீட்டுப் பழுதுபார்ப்பு, பராமரிப்பு, சாயம் பூசுதல், டைல்ஸ், சிறு புதுப்பிப்பு வேலை. பிறகு வேலை வகையோ முகவரியோ மாறினால் 30 நாளுக்குள் 'பி' படிவத்தில் தெரிவிக்க வேண்டும். அதற்குக் கட்டணம் 20 ரிங்கிட்.

தனி உரிமையாளரா, செண்டிரியான் பெர்ஹாட் எனப்படும் தனியார் நிறுவனமா? நிறுவனம் பதிய 1,000 ரிங்கிட், பெயர் ஒதுக்க 50 ரிங்கிட், அதற்கு மேல் நிறுவனச் செயலாளருக்கு மாதாமாதம் கட்டணம். ஒருவரோ இருவரோ செய்யும் வேலைக்கு முதல் ஆண்டில் இது பாரம். ஆனால் தனி உரிமையாளராக இருந்தால் தொழிலின் கடன் உங்கள் கடன். வழக்கு வந்தால் உங்கள் சேமிப்பும் வீடும் கணக்கில் வரும். தனி உரிமையாளருக்குக் காப்புறுதி கட்டாயத் தேவை என்று சொல்வது இதனால்தான்.

பதிவு கிடைத்த வாரமே தொழில் பெயரில் வங்கிக் கணக்கு திறந்துவிடுங்கள். அடுத்து வரும் சிஐடிபி பதிவுக்கு வங்கி அறிக்கை கேட்பார்கள்.

3. கடை, பலகை, ஸ்டிக்கர்

கடையோ அலுவலகமோ கிடங்கோ எடுத்தால் டிபிகேஎல் எனப்படும் கோலாலம்பூர் மாநகர் மன்றத்தில் வளாக உரிமமும் விளம்பர உரிமமும் வேண்டும். எஸ்எஸ்எம் சான்று, அடையாள அட்டை, வாடகை ஒப்பந்தம், இடத்தின் படம், பலகையின் வடிவம் ஆகியவை தேவைப்படும். பலகையின் வாசகத்துக்கு, மலாய் மொழிக்கான அரசு அமைப்பான டேவான் பஹாசாவின் ஒப்புதலை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். மலாய் முதன்மையாகவும் பெரிதாகவும் இருக்க வேண்டும். தமிழ் சேர்க்கலாம், ஆனால் அளவில் சிறிதாக. ஒப்புதலுக்கு முன் பலகை அடித்துவிட்டுக் கழற்றுபவர்கள் பலர்.

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அந்த இடத்தை வணிகத்துக்குப் பயன்படுத்த அனுமதி உண்டா என்று உரிமப் பிரிவில் கேளுங்கள். வீட்டிலிருந்தே நடத்துவதாக இருந்தாலும் அங்கேயே ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. பினாங்குத் தீவில் தொழில் நடத்தினால் கேட்க வேண்டிய இடம் பினாங்கு மாநகர் மன்றம், பினாங்கின் பெருநிலத்தில் என்றால் செபராங் பிறை மாநகர் மன்றம்.

விளக்குக் கம்பத்திலும் மின்பெட்டியிலும் தொலைபேசி எண்ணை ஒட்டாதீர்கள். அபராதம் ஒருபுறம். மறுபுறம், மாநகர் மன்றம் புகார் செய்தால் அந்த எண்ணே துண்டிக்கப்படலாம். வாடிக்கையாளர் எல்லாரிடமும் இருப்பது அந்த ஓர் எண்தான்.

4. சிஐடிபி: பச்சை அட்டையில் தொடங்கி ஜி1 வரை

பதிவில்லாமல் கட்டுமான வேலை எடுத்தால் 10,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம். குறைந்த தொகையே பத்தாயிரம் என்பதைக் கவனியுங்கள். ஒரு குளியலறை டைல்ஸ் வேலையில் வரும் லாபத்தைவிட அது பல மடங்கு.

வரிசை இதுதான். முதலில் பச்சை அட்டை. அதற்குக் கட்டுமானத் தொழிலாளர் பாதுகாப்புப் பயிற்சி ஒரு நாள். சிஐடிபி அங்கீகரித்த பயிற்சி மையத்தில் அடையாள அட்டையோடு போக வேண்டும். உதவியாளருக்கும் இந்த அட்டை வேண்டும், உங்களுக்கு மட்டும் இருந்தால் போதாது. அடுத்து குத்தகையாளருக்கான நேர்மை, நன்னடத்தைப் பயிற்சி. பிறகு சிஐடிபியின் சிம்ஸ் இணையத்தளத்தில் விண்ணப்பம்.

உங்களுக்கு ஏற்ற நிலை ஜி1. ஒரு வேலையின் மதிப்பு 200,000 ரிங்கிட் வரை எடுக்கலாம். நிதித் தகுதியாக 5,000 ரிங்கிட் காட்ட வேண்டும். கட்டடப் பிரிவில் பி04 என்ற பொதுக் கட்டட வேலைக் குறியீடு பெரும்பாலான சில்லறை வேலைகளுக்குப் பொருந்தும். மின்வேலை, குளிர்சாதன வேலைகளுக்குத் தனிக் குறியீடும் தனித் தகுதியும் உண்டு. பதிவை ஓராண்டு முதல் 3 ஆண்டு வரை எடுக்கலாம். பயிற்சி நாள், வங்கி அறிக்கை எல்லாம் சேர்த்து இதற்கென்று ஒரு மாதம் ஒதுக்கி வையுங்கள்.

இங்கே ஆட்கள் மாட்டிக்கொள்வது இரண்டு இடத்தில். ஒன்று, "நாளைக்கே எடுத்துத் தருகிறேன்" என்று 5,000 ரிங்கிட்டைக் கணக்கில் போட்டு எடுக்கும் ஏஜெண்டுகள். அந்த அறிக்கை பொய்யென்று தெரிந்தால் பெயர் கெடுவது உங்களுடையது. இன்னொன்று, அடுத்தவருடைய சிஐடிபி சான்றைக் காட்டி வேலை எடுப்பது. காப்புறுதி கோரும்போது ஒப்பந்தத்தில் ஒருவர் பெயர், பத்திரத்தில் வேறொருவர் பெயர் என்றாகிவிடும். அதற்குப் பிறகு யாரும் பணம் தர மாட்டார்கள்.

அரசாங்க வேலை எடுக்கும் எண்ணமிருந்தால் பிபிகே எனப்படும் இந்த சிஐடிபி பதிவுச் சான்றுக்கு மேல், அரசாங்க வேலைக்கான எஸ்பிகேகே சான்றும் வேண்டும். முதல் ஆண்டில் அது இல்லாமலே தொடங்கலாம்.

5. மின்சாரம், தண்ணீர், எரிவாயு: எங்கே நிறுத்துவது

இந்தப் பகுதியை அவசரமின்றிப் படியுங்கள். சில்லறை ரிப்பேர்க்காரர் மற்றவர் உயிருக்கு ஆபத்தை உண்டாக்கும் இடம் இதுதான்.

மின்வேலை 1990ஆம் ஆண்டு மின்விநியோகச் சட்டத்தின் கீழ் வருகிறது. வயரிங் செய்ய எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று பெற்ற வயர்மேன் வேண்டும். ஒற்றை ஃபேஸுக்கு பிடபிள்யூ2, மூன்று ஃபேஸுக்கு பிடபிள்யூ4. வேலையை எடுக்கும் தொழிலும் மின் குத்தகையாளராகப் பதிந்திருக்க வேண்டும். பல்பு மாற்றலாம், பிளக்கில் செருகும் சாதனத்தைப் பொருத்தித் தரலாம். புதிய பாயிண்ட் இழுப்பது, டிபி எனப்படும் மின்பகிர்வுப் பெட்டியைத் திறப்பது, ஏர்கோன் பாயிண்ட், வாட்டர் ஹீட்டர் இணைப்பு ஆகியவை வயர்மேனுடைய வேலை.

வாட்டர் ஹீட்டரைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளின்படி ஈரமான இடத்தில் உள்ள சாதனத்துக்கு 10 மில்லியாம்ப் கசிவுமின் துண்டிப்பான் வேண்டும். வீட்டின் டிபி பெட்டியில் இருக்கும் பொதுத் துண்டிப்பான் 100 மில்லியாம்ப்பாக இருக்கலாம். அது விழுவதற்கு முன்பே ஈர உடம்பில் நிற்கும் ஆளைக் கொல்லும் அளவு மின்சாரம் பாய்ந்துவிடும். பக்கத்து சுவிட்சிலிருந்து வயர் எடுத்து ஹீட்டரைப் பொருத்திவிட்டுப் போவது இந்த ஊரில் சாதாரணமாக நடக்கிறது. நீங்கள் அதைச் செய்யாதீர்கள். ஒரு நல்ல வயர்மேனைப் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள், மின்வேலைக்கு அவரே வாடிக்கையாளருக்கு நேரடியாக பில் போடட்டும். வயரிங் முடிந்ததும் மேற்பார்வைக்கு 'ஜி' படிவமும் சோதனைக்கு 'எச்' படிவமும் அவர் கையெழுத்தில் இருக்க வேண்டும். நகல் ஒன்று உங்கள் கோப்பில் இருக்கட்டும். நீங்களே கற்றுக்கொள்ள விரும்பினால் கியாட்மாரா போன்ற பயிற்சி நிலையங்களில் பிடபிள்யூ2 பாடம் உண்டு.

தண்ணீரில், உள்ளே குழாய்த் தலை, ஃபிளஷ், சிங்க் மாற்றுவது வழக்கமான வேலை. மீட்டரும் அதற்கு முந்தைய குழாயும் தண்ணீர் நிறுவனத்துக்குச் சொந்தம், அதில் ஸ்பானர் வைக்காதீர்கள். புதிதாகக் குழாய் பதிப்பது ஸ்பான் எனப்படும் தேசிய நீர்ச்சேவை ஆணையத்தின் அனுமதி பெற்றவர் செய்ய வேண்டியது. எரிவாயுக் குழாயை நகர்த்தச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஏர்கோனில் உறை கழுவுவது வேறு, கேஸ் நிரப்புவது வேறு. கேஸைக் கையாள சுற்றுச்சூழல் துறை ஏற்ற தொழில்நுட்பர் சான்று தேவை.

6. முதலில் உங்கள் உடம்புக்கு: சொக்சோ சுயதொழில் திட்டம்

சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் நடத்தும் திட்டம் இது. 2017ஆம் ஆண்டு சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம், 789ஆம் சட்டம், முதலில் டாக்சி ஓட்டுநருக்கு வந்தது. 2020 ஜனவரியிலிருந்து கட்டுமானம் உட்பட 20 துறைகளுக்கு விரிந்தது. தனியாக வேலை செய்பவர் இதில் பதிய வேண்டும்.

நான்கு நிலைகள் உண்டு. ஆண்டுக்கு 157.20, 232.80, 442.80, 592.80 ரிங்கிட். இவற்றுக்கு ஈடாகக் கணக்கிடப்படும் மாத வருமானம் முறையே 1,050, 1,550, 2,950, 3,950 ரிங்கிட். கையில் பணமில்லை என்று எல்லாரும் முதல் நிலையையே எடுக்கிறார்கள். ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்தால் இரண்டு மூன்று மாதம் வேலை இல்லை. தற்காலிக முடக்க உதவி கணக்கிடப்பட்ட தினக்கூலியில் 80 விழுக்காடு. 1,050 ரிங்கிட்டுக்குக் கணக்கிட்டால் வீட்டு வாடகைக்கே காணாது. மூன்றாம் நிலைக்கு மாதம் 36.90 ரிங்கிட்தான் ஆகிறது. இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

சந்தா காலாவதியான நாளில் விழுந்தால் ஒன்றும் கிடைக்காது. 12 மாதத்துக்கும் ஒரே தடவை கட்டி, அடுத்த தேதியைத் தொலைபேசியில் குறித்துவையுங்கள். இது வேலை விபத்துக்கு மட்டுமே. மற்ற நேரத்துக்குத் தனிநபர் விபத்துக் காப்புறுதியை வேறாக எடுக்கலாம்.

7. அடுத்தவர் சொத்துக்கு: பொதுப் பொறுப்புக் காப்புறுதி

பப்ளிக் லயபிலிட்டி என்று கேட்டால் எல்லா ஏஜெண்டுக்கும் புரியும். உங்கள் வேலையால் மூன்றாம் நபருக்குக் காயமோ சொத்துச் சேதமோ ஏற்பட்டால் அது கட்டும். சில்லறை வேலைக்கு இதுதான் அடிப்படை.

எது கட்டும், எது கட்டாது என்பதை ஓர் உதாரணத்தோடு பாருங்கள். செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீட்டின் குளியலறையில் கண்ணாடி மாட்டத் துளை போடுகிறீர்கள். துளைப்பான் உள்குழாயில் இறங்கிவிடுகிறது. தண்ணீர் கீழ்வீட்டுச் சீலிங்கையும் அலமாரியையும் நனைத்துவிடுகிறது. கீழ்வீட்டுச் சேதம் மூன்றாம் நபர் சொத்து, பத்திரம் கட்டும். நீங்கள் வேலை செய்துகொண்டிருந்த அந்தச் சுவர், டைல், குழாய் ஆகியவை "வேலை நடக்கும் சொத்து" என்று பெரும்பாலான பத்திரங்களில் விலக்கப்பட்டிருக்கும். அது உங்கள் பையிலிருந்து. சரியில்லாத வேலையைத் திரும்பச் செய்யும் செலவை எந்தப் பத்திரமும் கட்டாது.

பத்திரத்தில் இவற்றைத் தேடிப் படியுங்கள்:

– தொழில் விவரம். எஸ்எஸ்எம்மில் எழுதிய அதே வரி இங்கே இருக்க வேண்டும். "அலுவலகம்" அல்லது "சாயம்" என்று மட்டும் எழுதிப் பிரீமியத்தைக் குறைக்கும் ஏஜெண்ட் உங்களுக்கு நன்மை செய்யவில்லை. 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டப்படி வணிகக் காப்புறுதி எடுப்பவர் முக்கியமான விவரங்களைத் தாமாகச் சொல்ல வேண்டியவர். "அவர் கேட்கவில்லையே" என்பது பதிலாகாது.
– ஒரு விபத்துக்கு எவ்வளவு, ஆண்டு முழுவதற்கும் எவ்வளவு. இரண்டும் வேறு வேறு வரம்பு.
– எக்ஸஸ், அதாவது ஒவ்வொரு கோரிக்கையிலும் நீங்கள் முதலில் ஏற்கும் தொகை. தண்ணீர்ச் சேதத்துக்கு அது கூடுதலாக இருக்கிறதா என்று பாருங்கள்.
– உயர வரம்பு. கூரை வேலை செய்பவருக்கு இது மிக முக்கியம்.
– வெல்டிங், தீப்பொறி வேலை விலக்கப்பட்டிருக்கிறதா?
– நீங்கள் வேலையைக் கொடுக்கும் துணைக் குத்தகையாளர் அடங்குகிறாரா?

விலை கேட்கும்போது மூன்று இடத்தில் கேளுங்கள், மூன்று பேருக்கும் ஒரே வேலைப் பட்டியலைக் கொடுங்கள். இல்லையென்றால் விலைகளை ஒப்பிடவே முடியாது. பிரீமியத்தின் மேல் 8 விழுக்காடு சேவை வரியும் 10 ரிங்கிட் முத்திரைத் தீர்வையும் சேரும். 400 ரிங்கிட் பிரீமியம் என்றால் கையிலிருந்து போவது 442 ரிங்கிட். பத்திரம் கையில் வந்துவிட்டது என்று பணம் கட்டாமல் விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் 60 நாள் பிரீமிய நிபந்தனை இருக்கும், தாண்டினால் பாதுகாப்பு ரத்து. ஏஜெண்டின் சொந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள், நிறுவனத்தின் பெயருக்கே கட்டுங்கள். நிறுவனம் உரிமம் பெற்றதா என்பது மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் இணையத்தளத்தில் தெரியும்.

குளியலறை முழுவதும் புதுப்பிப்பது போன்ற பெரிய வேலைக்கு அந்த வேலைக்கு மட்டுமான குத்தகையாளர் முழு இடர் காப்புறுதியைக் கேட்பார்கள். சிஏஆர் என்பார்கள். நடந்துகொண்டிருக்கும் வேலையையே அது காக்கும். அதன் செலவை விலைப்பட்டியலில் தனி வரியாகப் போடுங்கள். கருவிகளுக்கும் தனிக் காப்புறுதி உண்டு. ஆனால் வேனில் இரவு முழுவதும் விட்ட டிரில்லுக்குப் பல பத்திரங்கள் கட்டாது.

8. வேனும் காரும்

தனியார் கார்க் காப்புறுதிப் பத்திரத்தில் வாகனப் பயன்பாடு பற்றிய வரியைப் படித்துப் பாருங்கள். மாதிரிப் பொருள் தவிர, தொழிலுக்காகச் சரக்கு ஏற்றிச் செல்வது பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். சிமெண்ட் மூட்டையும் டைல்ஸும் பின்னிருக்கையில் ஏற்றிப் போகும்போது மோதினால் தகராறு அங்கேதான் தொடங்கும். சரக்கு வேன் என்றால் வணிக வாகனக் காப்புறுதியும், சொந்தச் சரக்கு ஏற்றுவதற்கான 'சி' அனுமதியும், ஓட்டுநருக்கு ஜிடிஎல் எனப்படும் சரக்கு வாகன ஓட்டுநர் உரிமமும் தேவையா என்று வாங்கும் முன்பே ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையிலும் அபாட் எனப்படும் தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனத்திலும் உறுதிசெய்யுங்கள்.

9. உதவியாளர் வைக்கும் நாளில்

தினக்கூலி கொடுத்தாலும் அவர் உங்கள் தொழிலாளர்தான். முதல் ஆளை வைத்த 7 நாளுக்குள் இபிஎஃப் எனப்படும் ஊழியர் சேமநிதியில், 30 நாளுக்குள் சொக்சோவில் முதலாளியாகப் பதிய வேண்டும். இரண்டுக்கும் மாதச் சந்தா அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள். இபிஎஃப்பில் 5,000 ரிங்கிட் வரையான சம்பளத்துக்கு முதலாளி பங்கு 13 விழுக்காடு, தொழிலாளி பங்கு 11. குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட், 2025 ஆகஸ்டிலிருந்து ஒரே ஒரு தொழிலாளி உள்ள முதலாளிக்கும் இது பொருந்தும். உங்கள் விலையைக் கணக்கிடும்போது இவற்றைச் சேர்க்காவிட்டால் ஆறாவது மாதத்தில் கை கடிக்கும்.

அனுமதி இல்லாத வெளிநாட்டவரை ஒரு நாளுக்குக்கூட வைக்காதீர்கள். ஓர் ஆளுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம். அவருக்கு அடிபட்டால் சொக்சோவும் இல்லை, காப்புறுதியும் இல்லை, பாதிக்கப்படுவது அந்த ஏழைத் தொழிலாளிதான்.

10. கொண்டோ மேனேஜ்மெண்ட்

கோலாலம்பூரில் உங்கள் வேலையில் பாதி அடுக்குமாடியில்தான் இருக்கும். காவலர் கதவில் திருப்பி அனுப்பினால் அன்றைய கூலி போயிற்று. ஆகவே முதல் நாளே வீட்டுக்காரர் மூலம் புதுப்பிப்புப் படிவத்தை வாங்குங்கள். வழக்கமாகக் கேட்பவை: உரிமையாளர் கையெழுத்து, எஸ்எஸ்எம், சிஐடிபி நகல், தொழிலாளர் பெயரும் அடையாள அட்டை நகலும், பொதுப் பொறுப்புக் காப்புறுதிச் சான்று, வைப்புத்தொகை. வைப்புத்தொகை சில நூறிலிருந்து சில ஆயிரம் ரிங்கிட் வரை இருக்கும். அதை வீட்டுக்காரரே கட்டட்டும். நீங்கள் கட்டினால் அது திரும்பி வரும்வரை உங்கள் முதலீடு முடங்கும். சில மேனேஜ்மெண்ட் தங்கள் பெயரையும் பத்திரத்தில் சேர்க்கச் சொல்லும். அதற்கு ஏஜெண்டுக்குச் சில நாள் தேவை, முன்கூட்டியே கேளுங்கள்.

ஜன்னல் கிரில், ஓனிங் போன்றவை வெளித்தோற்றத்தை மாற்றும். எழுத்தில் ஒப்புதல் இல்லாமல் கிரில்லை ஆர்டர் செய்யாதீர்கள். சுவர் உடைக்கச் சொன்னால் அது தாங்கு சுவரா என்பதை வரைபடத்தில் பார்க்க வேண்டும், தட்டிப் பார்த்துச் சொல்லக் கூடாது. கட்டட மாற்றத்துக்கு மேனேஜ்மெண்ட் அனுமதி மட்டும் போதாது, மாநகர் மன்ற அனுமதியும் வேண்டும்.

மேல்வீட்டிலிருந்து ஒழுகுகிறது என்று கூப்பிட்டால் உடனே சீலிங்கை அடைக்காதீர்கள். 2015ஆம் ஆண்டு அடுக்குமாடிப் பராமரிப்பு விதிமுறைகளின்படி புகார் கிடைத்த 7 நாளுக்குள் மேனேஜ்மெண்ட் சோதிக்க வேண்டும், அதன் பிறகு காரணத்தையும் யார் பொறுப்பு என்பதையும் 28ஆம் படிவத்தில் எழுதித் தர வேண்டும். அந்தத் தாள் வருமுன் நீங்கள் சீலிங்கைப் பிளாஸ்டர் செய்து மூடினால் சான்று மறைந்துவிடும், ஒழுகல் அடுத்த மழையில் திரும்ப வரும், பழி உங்கள் மேல் விழும்.

உடைத்த கல்லையும் டைலையும் குப்பை அறையில் போட்டால் வைப்புத்தொகை போய்விடும். கட்டுமானக் கழிவை வீட்டுக் குப்பையோடு எடுக்க மாட்டார்கள். ரோரோ பின் எனப்படும் பெரிய கழிவுத்தொட்டியின் வாடகையை விலைப்பட்டியலில் எழுதுங்கள்.

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் வேலை எடுப்பவருக்கு ஒரு வார்த்தை. 2008இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த பகுதியில் உள்ள பழைய கடைவீட்டில் கூரை ஓடு மாற்றவோ முகப்பைத் தொடவோ மாநகர் மன்றத்தின் மரபுரிமைப் பிரிவைக் கேட்காமல் இறங்காதீர்கள். அந்தச் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் எழுந்தவை. மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கி, செங்கல்லே உதிரத் தொடங்கும்.

11. விலைப்பட்டியலும் ரசீதும்

எவ்வளவு சின்ன வேலையானாலும் எழுத்தில் கொடுங்கள். என்ன செய்யப்படும், என்ன செய்யப்படாது, பொருள் யாருடையது, முன்பணம் எவ்வளவு, உத்தரவாதம் எத்தனை நாள், மின்வேலை யார் பொறுப்பு. வேலைக்கு முன் படம், முடிந்த பின் படம். வாடிக்கையாளர் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி 50,000 ரிங்கிட் வரை உங்கள் மேல் கோரலாம். அங்கே பேசுவது இந்தத் தாள்தான். உங்களுக்குப் பணம் வராமல் போனால் 5,000 ரிங்கிட் வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை முறையில் வக்கீல் இல்லாமலே போகலாம். அங்கேயும் இதே தாள்தான் சான்று. கணக்குகளை 7 ஆண்டு வைத்திருங்கள். வருமான வரிக்கு வரித்துறையின் 'பி' படிவத்தை ஜூன் 30க்குள் கொடுக்க வேண்டும், எஸ்எஸ்எம்மின் 'பி' படிவம் வேறு.

12. ஏதாவது நடந்துவிட்டால், அந்த நாளில்

தண்ணீரை அடையுங்கள், மின்சாரத்தை நிறுத்துங்கள், அடிபட்டவரைப் பாருங்கள். பிறகு படம் எடுங்கள்: முழு அறை, சேதம், நீங்கள் பயன்படுத்திய கருவி. உடைந்த குழாய்த் துண்டையோ வால்வையோ தூக்கி எறியாதீர்கள். காப்புறுதியின் மதிப்பீட்டாளர் அதைக் கேட்பார்.

"என் தப்புதான், எல்லாம் கட்டித் தருகிறேன்" என்று வாயாலோ வாட்ஸ்அப்பிலோ சொல்லிவிடாதீர்கள். மனசாட்சி உள்ளவர் அப்படித்தான் சொல்லத் தோன்றும். ஆனால் நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமல் பொறுப்பேற்றால் கோரிக்கையை மறுக்கப் பத்திரத்திலேயே இடமுண்டு. "காப்புறுதிக்கு இன்றே தெரிவிக்கிறேன், அவர்கள் வந்து பார்ப்பார்கள்" என்று சொல்லுங்கள், அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். வக்கீல் கடிதம் வந்தால் பதில் எழுதாமல் அப்படியே நிறுவனத்துக்கு அனுப்புங்கள். உங்களுக்கே அடிபட்டிருந்தால் மருத்துவச் சான்றின் ஒவ்வொரு தாளையும் சொக்சோவுக்காக எடுத்துவையுங்கள், வேலை இடத்தில் நடந்தது என்று மருத்துவரின் குறிப்பில் முதல் நாளே இடம்பெறச் சொல்லுங்கள்.

கோரிக்கை மறுக்கப்பட்டால் மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நிறுவனத்தின் இறுதி முடிவு கிடைத்த 6 மாதத்துக்குள் எஃப்எம்ஓஎஸ் எனப்படும் நிதிச் சந்தை குறைதீர் சேவையில் முறையிடலாம், கட்டணம் இல்லை. அங்கே அவர்கள் முதலில் எடுத்துப் பார்ப்பது பத்திரத்தின் தொழில் விவர வரியையும் அன்று நீங்கள் செய்துகொண்டிருந்த வேலையையும்தான்.